கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)

டிபன் தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். பொங்கல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் ஆசிரியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கேஷ் கவுண்டர், லெட்ஜர், சலான் என்று முப்பத்தாறு வருடம் ஓட்டியவன். ஆகவே "குழந்தைகள் எப்படிப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்" என்று நான் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இரண்டரை வருடமாக நமது நூலக அறையில் மாலை வேளையில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்ததில் எனக்குத் தெரிய வந்ததைத்தான் சொல்லப் போகிறேன். அதில் என் தப்பும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

முதலில் வங்கிக் கதை ஒன்று. 1986 என்று நினைவு. ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர் வருவார். ரேகை வைக்காமல் கையெழுத்துப் போடுவார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. யாரோ சொல்லிக்கொடுத்து, கோலம் போடுவது போல ஒரே இழுப்பில் தன் பெயரைப் போடுவார். ஒருநாள் விளையாட்டாக, "அம்மா, உங்க பேர்ல மூணாவது எழுத்து எது?" என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அது எழுத்து இல்லை, படம். கொஞ்ச நாள் கழித்து அவருடைய கொழுந்தனார் கடன் வாங்க வந்தார். ஜாமீன் படிவத்தை நான்தான் அந்த அம்மா முன் வைத்து, "இங்க போடுங்கம்மா" என்று விரலால் காட்டினேன். தமிழிலும் அச்சடித்த படிவம்தான். அவர் அழகாகக் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் கட்டவில்லை. அந்த அம்மா பெண் கல்யாணத்துக்குப் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை கடனுக்கு ஈடு செய்துவிட்டார்கள். அவர் என் கவுண்டருக்கு வந்து சத்தம் போடவில்லை. "நீங்கதானே சார் இங்க போடுன்னு காட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். விதிமுறைப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எழுத்தைப் படமாகத் தெரிந்து வைத்திருப்பது ஒன்று, எழுத்தாகத் தெரிந்து வைத்திருப்பது வேறொன்று. இந்த வித்தியாசம் எனக்கு மறுபடியும் உறைத்தது நமது வளாகத்தில்தான்.

நூலக அறையில் மாலை வகுப்பை ஆரம்பித்தபோது, நம் வாசலில் துணி தேய்த்துக் கொடுக்கும் தம்பதியின் மகனும் வந்தான். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பெற்றோர் வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறார்கள். முதல் நாள் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக் கடகடவென்று ஒரு பக்கம் வாசித்தான். பலே என்றேன். ஆனால் பல வருடம் நோட்டு எண்ணிய கண் அல்லவா, ஒன்றைக் கவனித்தது. அவன் விரல் மூன்றாவது வரியில் இருந்தது, வாய் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டது. நடுவிலே ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன?" என்றேன். அவன் வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய், முதல் சொல்லிலிருந்து மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னான். அதே சொல்லை வெள்ளைத் தாளில் தனியாக எழுதிக் காட்டினேன். முழித்தான். தமிழ்ப் புத்தகத்திலும் அதே கதைதான்.

அப்போது நான் செய்ததுதான் தப்பு. மற்ற பிள்ளைகள் முன்னால், "நாலாவது படிக்கிறே, நாலு எழுத்து சேர்த்துப் படிக்கத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. பத்து நாள் வரவில்லை.

சி பிளாக்கில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா இருக்கிறார்கள். மேடைக்கு வரமாட்டேன் என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னேன். "சார், நீங்க ஒரு குழந்தையை அதுக்குச் சொல்லிக் கொடுக்காத ஒண்ணுக்காகத் திட்டியிருக்கீங்க" என்றார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு தேய்ப்பு வண்டிக்கே வந்தார்கள். தம்பியின் அம்மா, "அவனுக்குப் படிப்பு வரலைன்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க சார்" என்றார். "படிப்பு வராம இல்லம்மா. எழுத்தோட சத்தத்தை யாரும் அவனுக்குக் காட்டல" என்றார்கள் டீச்சரம்மா. நான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டான். ஆனால் மறுநாள் வந்தான்.

அந்தச் சத்தத்தைக் காட்டுவதற்குத்தான் ஃபோனிக்ஸ் என்று பெயர். இப்போது ஃபீஸ் ரசீதில்கூடத் தனியாக ஒரு வரியாக வருகிறதே, அதேதான். ஏதோ புது வித்தை என்று நினைக்க வேண்டாம்.

நாம் எப்படி ஆங்கிலம் படித்தோம்? "சி, ஏ, டி, கேட்." யோசித்துப் பாருங்கள். சி, ஏ, டி மூன்றையும் சேர்த்தால் "சியேடி" என்றுதானே வர வேண்டும்? "கேட்" எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. "டபிள்யூ" என்ற பெயருக்குள் "வ்" என்ற ஒலியே இல்லை. "ஹெச்" பெயருக்கும் அது பல இடங்களில் தரும் ஒலிக்கும் அதிக உறவு கிடையாது. பெயரை மட்டும் தெரிந்துகொண்ட குழந்தைக்கு, சொல்லை முழுசாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. முதல் வகுப்பில் ஐம்பது சொல், சமாளித்துவிடும். மூன்றாம் வகுப்பில் ஆயிரக்கணக்கில் வரும்போது மூச்சு முட்டிவிடும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

ஃபோனிக்ஸ் முறையில் முதலில் பெயரைச் சொல்வதில்லை, ஒலியைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகள் ஏறக்குறைய 44. ஏ, பி, சி என்ற வரிசையிலும் தொடங்குவதில்லை. நம் ஊர்ப் பள்ளிகளிலும் புழங்கும் ஜாலி ஃபோனிக்ஸ் என்ற முறை இங்கிலாந்தில் தோன்றியது. அதில் "ஸ்", வாயை அகலமாக வைத்துச் சொல்லும் "ஏ", "ட்", "இ", "ப்", "ன்" என்ற ஆறு ஒலிகள்தான் முதல் பாடம். ஏன் அந்த ஆறு? அவற்றை மட்டும் வைத்தே சிட், டின், டிப், பின், ஸ்பின் என்று பல சொற்களைக் கோத்துவிடலாம். ஒரு வாரத்தில் குழந்தை தானே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறது. யாரும் சொல்லித் தராத சொல்லை முதல்முறை தானே படித்துவிட்ட குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பேலன்ஸ் ஷீட் முதல் தடவையிலேயே டேலி ஆன கிளார்க்கின் முகம் மாதிரி இருக்கும்.

இதில் இரண்டு சூட்சுமங்களை டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் சொல்லித் தருபவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, மெய்யொலியோடு "அ" சேர்த்துச் சொல்லக் கூடாது. "ப, இ, ன" என்றால் "பின்" வராது. "ப், இ, ன்" என்று புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும். புள்ளி நமக்குப் புதுசா என்ன! இரண்டாவது, எழுத்துக்கு முன்னால் காது. குண்டூசிக்கும் ஆங்கிலத்தில் பின், குப்பைத் தொட்டிக்கும் பின். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முதல் ஒலி வேறு என்பது காதில் விழாத குழந்தைக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று எப்படித் தெரியும்? அதனால் முதல் சில நாள் புத்தகமே இல்லாமல், இரண்டும் ஒரே சத்தமா, வேறு சத்தமா என்று விளையாட்டாகக் கேட்டாலே போதும்.

ஒலியைச் சேர்த்து எல்லா ஆங்கிலச் சொல்லையும் படித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. "ஒன்" என்ற எண்ணுப்பெயரையும், "செட்" என்று ஒலிக்கும் "சொன்னான்" என்பதற்கான சொல்லையும் எழுத்துக் கூட்டினால் சரியாக வராது. அந்த மாதிரிச் சொற்களைத் தனியாக நினைவில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவை விதிவிலக்குகள். விதிவிலக்கைக் காட்டி விதியையே சொல்லித்தராமல் விடுவது நியாயமில்லை.

இனி தமிழுக்கு வருவோம். தம்பிக்கு நாங்கள் முதலில் தமிழைத்தான் எடுத்தோம். அவனுக்குத் தெரிந்த மொழி அது. ஆங்கிலச் சொல்லைக் கஷ்டப்பட்டுக் கூட்டிப் படித்தாலும், அது என்ன என்று மறுபடி தேட வேண்டும். தமிழில் "ப, ட், ட, ம்" என்று கூட்டியவுடன் பட்டம் மனசில் பறந்துவிடும்.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. "எழுத்துக் கூட்டிப் படி" என்று நம் தாத்தா பாட்டி சொன்னார்களே, அதுதான் ஃபோனிக்ஸ். 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்துகிறோம். கணக்குப் பார்த்தால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-உம் பெருக்கல் கணக்கு, 18 × 12. "க்" கூட "ஆ" சேர்ந்தால் "கா". "ம்" கூட "ஆ" சேர்ந்தால் "மா". ஒரு துணைக்கால் கற்றுக்கொண்டால் பதினெட்டு எழுத்து கைக்கு வந்துவிடும். இந்தச் சேர்க்கையைக் காட்டாமல் 247 படங்களாக மனப்பாடம் செய்யச் சொன்னால், அது அந்தப் பூக்கார அம்மாவின் கையெழுத்து மாதிரிதான்.

தமிழிலும் இடறும் இடங்கள் உண்டு. "கெ" எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வருவது "க்". "கோ"வில் முன்னும் பின்னும் குறி. உகர வரிசையோ ஒரே மாதிரி இருக்காது. கு, சு, து மூன்றையும் எழுதிப் பாருங்கள், மூன்றும் மூன்று விதம். தம்பி பல நாள் தடுமாறியது இந்த இடங்களில்தான். அப்போது எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வந்தது. நாங்கள் படித்த காலத்தில் "லை", "னை" எழுத்துகளுக்குத் தும்பிக்கை இருக்கும், "னா", "றா" வேறு வடிவம். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். பிடிவாதமாகப் பழையபடியே எழுதிக்கொண்டிருந்தேன். விதிக்கு அடங்காத எழுத்து ஒவ்வொன்றும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு சுமை என்பது தம்பியோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று, "க" எப்போதும் ஒரே ஒலி தருவதில்லை. கல், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள், மூன்றும் வேறு. வீட்டில் பேசுவதும் புத்தகத்தில் இருப்பதும் வேறு. அவன் வாயில் "வந்துட்டிருக்கான்", புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறான்". இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். பெரியவர்கள் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். புத்தகத் தமிழ் காதில் விழுந்து பழகிய குழந்தைக்குக் கண்ணில் படும்போது அது அந்நியமாக இருக்காது.

வெளிநாட்டில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சொல்லை முழுப் படமாகப் பார்த்துச் சொல்லும் முறைதான் கோலோச்சியது. 1955-இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் "வொய் ஜானி கான்ட் ரீட்" என்று புத்தகம் எழுதி அதை ஒரு பிடி பிடித்தார். 2000-ஆம் ஆண்டு தேசிய வாசிப்புக் குழு, ஒழுங்குமுறையாக ஃபோனிக்ஸ் கற்பிப்பது பலன் தருகிறது என்று அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் கொடுத்த அறிக்கையும் அதையே சொன்னது. 2012 முதல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னச் சோதனை. 40 சொற்கள். அதில் 20 சொற்கள் எந்த அகராதியிலும் இல்லாதவை. ஏன்? மனப்பாடம் செய்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வார்கள்! வங்கியில் சொல்லாமல் கொள்ளாமல் வரும் இன்ஸ்பெக்ஷன் மாதிரி. முதல் ஆண்டில் எதிர்பார்த்த அளவை எட்டியவர்கள் 58 சதவீதம். 2019-இல் 82 சதவீதம்.

இந்த யோசனையை நானும் கடன் வாங்கிக்கொண்டேன். "டமிபு", "மொகுடி", "பேரட்டு" என்று இல்லாத சொற்களை அட்டையில் எழுதிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. எந்தக் குழந்தை எழுத்தைப் படிக்கிறது, எது ஊகிக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நாளைக்கே உங்கள் பேரக்குழந்தையிடம் செய்து பாருங்கள்.

நமது நாட்டு நிலைமைக்கும் ஒரு எண் சொல்கிறேன். 2022 அசர் அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 42.8 சதவீதம்தான். நம் மாநிலத்தில் அதே 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்த இடத்தில் குழந்தை நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பதுதான் அதன் சாரம். தம்பி நாலாம் வகுப்புப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு அரும்பு நிலையில் நின்றவன். அதை யாரும் பார்க்கவில்லை. முதலில் நானும் பார்க்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. என் பேத்திக்கு ஏழு வயது. பள்ளியில் ஃபோனிக்ஸ் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கில நாளிதழை எடுத்து முதல் பக்கம் முழுக்கப் படித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்னடா கண்ணு போட்டிருக்கு?" என்று கேட்டேன். "தெரியாது தாத்தா. ஆனா கரெக்டா படிச்சேன்ல?" என்றாள்.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். காமர்ஸ் படித்தவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கவனியுங்கள், கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால், இன்னொரு பக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். தம்பி ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு வந்தால் வசனத்தோடு அரை மணி நேரம் கதை சொல்வான். மொழி அவனிடம் நிறைய இருந்தது. எழுத்துப் பக்கம்தான் பூஜ்யம். என் பேத்திக்கு எழுத்து வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பொருள் பக்கம் இன்னும் நிரம்ப வேண்டும்.

ஃபோனிக்ஸை மட்டும் தனியாகப் பிரித்து அளவுக்கு மேல் அழுத்துவது சரியில்லை, கதையோடும் பொருளோடும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று இங்கிலாந்திலேயே கல்வியாளர்கள் வாதாடுகிறார்கள். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எழுத்துக் கூட்டுவது வாசல். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் வீட்டைப் பார்க்க முடியாது. ஆனால் வாசலைத் திறக்காமலும் உள்ளே போக முடியாது.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1789-இல் எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர்களுக்கான ஒரு விடுதிப் பள்ளி. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம்முடைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதை ஒருநாள் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். அது நன்றாக நடந்தது. 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, "மெட்ராஸ் முறை" என்று பெயராகி இங்கிலாந்தில் பல பள்ளிகளுக்குப் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி இப்போது ஆறாம் வகுப்பு. தினம் இருபது நிமிடம்தான் உட்கார்ந்தோம். நாலு மாதத்தில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஆங்கிலம் மெதுவாகத்தான் வந்தது, இன்னும் நீளமான சொல்லில் திணறுகிறான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போது நம் வாட்ச்மேனின் ஐந்து வயது மகளுக்கு ஒலி சொல்லித் தருவது அவன்தான். தட்டில் ரவையைப் பரப்பி எழுத வைக்கிறான். அவள் தப்பாகச் சொன்னால் அவன் திட்டுவதில்லை. என்னைவிட நல்ல வாத்தியார்.

ஒன்று சொன்னால் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். போன வருடம் ஒருநாள், தேய்த்த துணியோடு அவன் என்னுடன் லிஃப்டுக்குக் காத்திருந்தான். பக்கத்திலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, யாரும் கேட்காமலே, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். "வீட்டுப் பணியாளர்கள், டெலிவரி ஊழியர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்." முழுசாக, தப்பில்லாமல் படித்துவிட்டான். சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அது என்ன சொல்கிறது என்பது புரிந்தது. "சார், இதுல நான் வரக் கூடாதா?" என்றான். அந்தத் தாளை ஒட்டத் தீர்மானித்த கமிட்டியில் நானும் ஒருவன். அன்றைக்கு இரண்டு பேரும் படியில் ஏறினோம். நாலு மாடி, என் முழங்காலுக்குத்தான் தெரியும். அந்தத் தாள் இருக்க வேண்டுமா என்பதைக் கமிட்டியின் யோசனைக்கு விடுகிறேன்.

கடைசியாக, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நூலக அறையைப் பார்சல் வைக்கும் நிறுவனத்துக்கு வாடகைக்கு விடலாம் என்ற யோசனை மார்ச் பொதுக்குழுவுக்கு வருகிறது. பொருளாளரின் கவலை எனக்குப் புரிகிறது. வருமானம் வேண்டாம் என்று ஒரு வங்கிக்காரன் சொல்ல மாட்டான். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை அந்த அறை பிள்ளைகளுக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். முடியாது என்றால் மாடிப்படிக்குக் கீழே உள்ள இடமானாலும் சரி, ஒரு விளக்கும் மின்விசிறியும் போதும். "நம் பிள்ளைகள் சரி, வெளிப்பிள்ளைகள் எதற்கு?" என்று சிலர் கேட்டதும் காதில் விழுந்தது. அவர்களின் அப்பா அம்மா நம் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை வெளியாட்கள் என்று எப்படிச் சொல்வது?

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் மூன்று வேண்டுகோள். உங்கள் குழந்தை எவ்வளவு வேகமாக வாசித்தாலும் நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். ராத்திரி பத்து நிமிடம் எந்த மொழியிலாவது ஒரு கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். குழந்தைக்குப் படிக்க வரவில்லை என்றால் திட்டாதீர்கள், எந்த எழுத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் வந்தால் லெட்ஜரைத் திட்டிப் பயனில்லை. எந்தப் பதிவில் தவறு என்று ஒவ்வொன்றாகத் தேடத்தான் வேண்டும்.

வகுப்புக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. டீச்சராக இருந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். என்னிடமோ டீச்சரம்மாவிடமோ பெயர் கொடுங்கள்.

பொங்கல் ஆறியிருந்தால் என்னை மன்னிக்கவும்.